கலங்கும் உள்ளத்திற்குக் காவலாகும் அமைதி

கவலை எட்டிப் பாராத இல்லம் எதுவுமில்லை. பிள்ளையின் புலமைப்பரிசில் பரீட்சை, வெளிநாடு சென்ற மகனிடமிருந்து வராத தொலைபேசி அழைப்பு, அடைத்து முடியாத கடன், வைத்தியர் எழுதிக் கொடுத்த பரிசோதனையின் முடிவு என ஏதோவொன்று ஒவ்வொரு வீட்டிலும் உறக்கத்தைக் கெடுக்கின்றது. எமது நாட்டு மக்களுக்கோ அஞ்சுவதற்கு மேலும் பல காரணங்கள் உண்டு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, 2009ஆம் ஆண்டு வரை நீடித்த யுத்தம், 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று ஆலயங்களுக்குள்ளேயே சிந்தப்பட்ட இரத்தம், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி ஆகியன எம் உள்ளங்களில் ஆழமான வடுக்களை விட்டுச் சென்றுள்ளன.

இவ்வாறு கலங்கி நிற்கும் ஒருவர் தமது மனப்பாரத்தை வெளியிட முற்படும்போது நாம் என்ன சொல்கின்றோம்? விசுவாசம் இருந்தால் இப்படிப் பயப்படுவீர்களா என்று கேட்டுவிடுகின்றோம். நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விதான். ஆயினும் ஏற்கெனவே சுமை தாங்க முடியாதவரின் தோள்மீது குற்ற உணர்வு என்னும் மற்றுமொரு சுமையை அது ஏற்றிவிடுகின்றது. அவர் அதன்பின் வாய் திறப்பதில்லை. கவலைப்படுவதையே விசுவாசக் குறைவாகக் காணும் இப்பார்வை திருச்சபையின் போதனையுமன்று, நற்செய்தியின் பார்வையுமன்று.

நாளையைக் குறித்துக் கவலை கொள்ள வேண்டாம் எனப் போதித்த அதே ஆண்டவர் (மத்தேயு 6:25-34), கெத்சமனித் தோட்டத்தில் மிகுந்த மனத்துயருக்கு உள்ளானார். கெத்சமனி என்னும் சொல்லுக்கு எண்ணெய்ச் செக்கு என்பது பொருள். செக்கிலிடப்பட்ட ஒலிவக் காய்போல் அவரது உள்ளம் அங்கே பிழியப்பட்டது. அவர் அதனை மறைக்கவில்லை. பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரிடமும் தமது துயரத்தை வெளிப்படையாகக் கூறித் தம்மோடு விழித்திருக்குமாறு கேட்டார். துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலுமாறு தந்தையிடம் மன்றாடினார். பின்னர் தந்தையின் விருப்பத்திற்கே தம்மைக் கையளித்தார். இறைமகனே கலங்கினார் என்றால், கலங்கும் மனிதனை நாம் எவ்வாறு குற்றவாளியாக்க முடியும்?

திருச்சபையின் புனிதர்களும் இப்பாதையில் நடந்தவர்களே. 1567ஆம் ஆண்டு பிறந்து, பின்னாளில் ஜெனீவா மறைமாவட்டத்தின் ஆயராகப் பணியாற்றிய புனித பிரான்சிஸ் சலேசியார், பாரிஸ் நகரில் மாணவராக இருந்த காலத்தில் கடுமையான அச்சம் ஒன்றினால் வாட்டப்பட்டார். தாம் இறைவனால் கைவிடப்பட்டு நித்திய அழிவுக்குக் குறிக்கப்பட்டவரோ என்ற எண்ணமே அது. உணவும் உறக்கமும் அவரை விட்டு நீங்கின. இறுதியில் அங்குள்ள ஆலயமொன்றில் மரியன்னையின் திருவுருவத்தின் முன் முழந்தாளிட்டு, மறுமையில் தமக்கு என்ன நேரினும் இம்மையில் வாழும் வரை இறைவனை அன்பு செய்வதாகத் தம்மை ஒப்படைத்தார். அவ்வேளையில் அந்தப் பாரம் அவரை விட்டு அகன்றது. எதிர்காலம் பற்றிய விடை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்று செய்யக்கூடிய அன்பைத் தெரிந்துகொண்டார், அமைதி வந்தது.

இவ்வனுபவம் பெற்றவர், இல்லறத்தாரையும் உலகில் தொழில் புரிவோரையும் மனத்திற்கொண்டு 1609ஆம் ஆண்டு வெளியிட்ட பக்தி வாழ்வு பற்றிய நூலில், பாவத்தைத் தவிர்த்து ஆன்மாவுக்கு நேரக்கூடிய பெருந்தீமை மனப்பதற்றமே என எழுதினார். வலையில் அகப்பட்ட பறவை தப்பிக்கத் துடிதுடித்துச் சிறகடிக்கும்போது மேலும் மேலும் சிக்கிக்கொள்வதை அவர் உவமையாகக் காட்டுகின்றார். ஆகவே துன்பத்திலிருந்து விடுபட விரும்புகின்றவர் முதலில் தம் உள்ளத்தை அமைதிப்படுத்த வேண்டும். அதன்பின் ஆக வேண்டியதை நிதானமாகச் செய்ய வேண்டும். மேலும், மனப்பாரத்தை ஆன்ம வழிகாட்டியிடமோ நம்பிக்கைக்குரிய நண்பரிடமோ சொல்லிவிடுவது சிறந்த மருந்து என்பதும் அவரது அறிவுரை. நானூறு ஆண்டுகள் கடந்தும் இவ்வறிவுரை பழமையடையவில்லை.

எமது செபங்களையும் நாம் இங்கே சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நவநாள் செய்கின்றோம், மெழுகுதிரி ஏற்றுகின்றோம், நேர்த்தி வைக்கின்றோம். இவை யாவும் நல்லவை. ஆனால் கேட்டது கிடைத்தால் மட்டுமே அமைதி என்று நாம் எண்ணுவோமாயின், செபமே வலையில் அகப்பட்ட பறவையின் சிறகடிப்பாக மாறிவிடும். புனித பவுல் பிலிப்பிய மக்களுக்குத் திருமுகம் எழுதியபோது சிறையில் இருந்தார். விடுதலையா, மரணமா என்பது அவருக்குத் தெரியாது. அந்நிலையில் இருந்துகொண்டுதான், தேவைகளை நன்றியுணர்வோடு இறைவனிடம் எடுத்துரைக்குமாறும், அப்போது அறிவுக்கு எட்டாத இறை அமைதி உள்ளத்தைக் காத்துக்கொள்ளும் என்றும் எழுதுகின்றார் (பிலிப்பியர் 4:6-7). காத்துக்கொள்ளுதல் என்பதற்கு அவர் கையாளும் கிரேக்கச் சொல், படைவீரர் நகரைக் காவல் செய்வதைக் குறிப்பதாகும். பகைவர் வெளியே நின்றாலும் நகருக்குள் மக்கள் உறங்கலாம். பிரச்சினை தீராத வீட்டிலும் அமைதி காவலிருக்கலாம் என்பதே இதன் பொருள்.

ஒவ்வொரு திருப்பலியிலும் இக்கொடை எமக்கு வழங்கப்படுகின்றது. கர்த்தர் கற்பித்த செபத்தில் நாம் அன்றன்றைய உணவையே கேட்கின்றோம். பத்து ஆண்டுகளுக்கான களஞ்சியத்தைக் கேட்பதில்லை. அதனைத் தொடர்ந்து குருவானவர், எமது நாட்களில் அமைதி அருளி எல்லாக் கலக்கங்களினின்றும் எம்மைக் காக்குமாறு இறைவனை வேண்டுகின்றார். பின்னர் நாம் ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்கின்றோம். அருகிலிருப்பவரைப் பார்த்து வணங்கும் அவ்வேளையில், அவர் எதனால் கலங்கியிருக்கின்றார் என்று அறிய ஆசிப்பதுண்டா? ஆலயத்திற்கு வெளியே வந்தபின்னராவது கேட்பதுண்டா?

அன்பார்ந்தவர்களே, மாலையில் செபமாலை சொல்லும் குடும்பங்கள், அதன் முடிவில் ஒருவர் மற்றவரின் கவலையைச் செவிமடுக்கவும் சில நிமிடங்களை ஒதுக்குவது நலம். பிள்ளை அச்சத்தைச் சொன்னால் கண்டிக்காது கேட்போம். உறக்கமின்மையும் பதற்றமும் நீடிக்குமாயின் வைத்தியரையும் உளவளத் துணையாளரையும் நாடுவதற்குத் தயங்க வேண்டாம். வைத்தியரை மதிக்குமாறும், அவரையும் ஆண்டவரே படைத்தார் என்றும் சீராக் ஞான நூல் (38ஆம் அதிகாரம்) போதிக்கின்றது. மருந்து உட்கொள்வது விசுவாசத்திற்கு இழுக்காகாது.

கெத்சமனியில் ஆண்டவர் கேட்டது மிகச் சிறியது. சற்று நேரம் தம்முடன் விழித்திருக்கும் துணை மட்டுமே. சீடர்களோ உறங்கிவிட்டார்கள். இன்று எம் வீட்டிலும் அயலிலும் கலங்கி நிற்போர் அதே துணையைத்தான் கேட்கின்றனர். அவர்களோடு விழித்திருக்கும் வரத்தை இறைவனிடம் மன்றாடுவோம். அவர் தரும் அமைதி எம் இல்லங்களுக்குக் காவலாய் அமைவதாக.