நகரமும் குடியும்

வெள்ளமோ போரோ வந்து துரத்தாத போதும், பெருநகரங்களில் எளிய குடும்பங்கள் தாம் பல்லாண்டு வாழ்ந்த தெருவை விட்டு நீங்குகின்றன. அத்தெரு பொலிவு பெற்றதே அதற்குக் காரணம் என்றால் வியப்பாகத் தோன்றும்.

ஆங்கிலத்தில் இதனை 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்பர். 'ஜென்ட்ரி' என்பது உயர்குடிச் செல்வரைக் குறிக்கும் சொல். ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர், இலண்டன் மாநகரைப் பற்றி 1964-இல் எழுதியபோது இப்பெயரை வழங்கினார். அந்நகரின் இசுலிங்டன் போன்ற பகுதிகளில் பழைய பெரிய வீடுகள் அறை அறையாகப் பகுக்கப்பட்டிருந்தன; உழைப்பாளர் பலர் குறைந்த வாடகைக்கு அவற்றில் வாழ்ந்தனர். நகர நடுவில் வாழ விரும்பிய வசதியுடையோர் அவ்வீடுகளை வாங்கிச் செப்பனிட்டனர். 1957-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ, குடியிருப்பவர் நீங்கினால் அவ்வீட்டின் வாடகைக் கட்டுப்பாடும் நீங்குமாறு செய்திருந்தது. குடியிருப்போரை வெளியேற்றுதல் வீட்டுடைமையாளர்க்கு ஆதாயமாயிற்று. வேறு தூண்டுதலும் வேண்டுமோ?

வீட்டைச் செப்பனிடுதலை எவரும் குறைகூறார். ஒழுகும் கூரையும் இருண்ட படிக்கட்டும் யார்க்கு வேண்டும்? ஆனால், ஒழுகிய நாளில் அங்கு வாழ்ந்தவர்க்கு, ஒழுகாத நாளில் இடமில்லை என்பது முறையாகாது.

ஆத்திரிய நாட்டு வியன்னா நகரம் வேறு வழி கண்டது. வீடு கட்டுவதற்கென்றே 1923-இல் ஒரு வரி விதித்தது. மாளிகையுடையார் மிகுதியாகவும், சிறுவீட்டினர் மிகக் குறைவாகவும் அதனைச் செலுத்தினர். 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1930-இல் திறக்கப்பெற்ற கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்னும் குடியிருப்பில் மட்டும் 1,382 வீடுகள். அவற்றோடு நூலகம், சலவைக்கூடம், குழந்தைகள் பள்ளி ஆகியனவும் அமைந்தன. வாடகை நகராட்சியின் கையில் இருத்தலால், தெரு எத்துணைச் சிறப்புற்றாலும் குடியிருப்பவர் அஞ்ச வேண்டுவதில்லை. இன்றும் அந்நகர மக்களில் ஏறத்தாழப் பாதியினர் நகராட்சி வீடுகளிலோ அரசுதவி பெற்ற வீடுகளிலோ வாழ்கின்றனர். தனியார் வீடுகளின் வாடகை அங்கும் உயரவே செய்கின்றது. எனினும், உயர்வுக்கு ஒரு கடிவாளம் உண்டு.

பிரித்தானியா அக்கடிவாளத்தை நழுவவிட்டது. 1980-ஆம் ஆண்டுச் சட்டம், நகராட்சி வீடுகளை அவற்றில் குடியிருந்தோரே தள்ளுபடி விலையில் வாங்க உரிமை தந்தது. வாங்கியவர் மகிழ்ந்தனர்; அம்மகிழ்ச்சியைப் பழித்தல் தகாது. ஆயினும், அவ்வீடுகளுள் பல பின்னர்க் கைமாறி, மிகுந்த வாடகைக்கு விடப்பட்டன. விற்ற அளவிற்குப் புதியன கட்டப்படவில்லை.

விலை ஏறிய பின் நிலம் வாங்கப் பொதுப்பணம் போதாது. ஏறுமுன்பே வாங்கி வைத்தல் வேண்டும். வியன்னா நகரம் 1984 முதல் அதற்கென ஒரு நிதியமைப்பை நடத்தி வருகின்றது.