ராத்திரிக்கு மட்டும் புக் பண்ணுவோம்

போன செவ்வாய்க்கிழமை நம்ம கிளாஸ் குரூப்ல ஒரு போல் போட்டாங்க. ஃபைனல் இயர் டூர். நாலு நாள், மூணு ராத்திரி, ஒரு டெம்போ டிராவலர். சிதம்பரத்துல கிளம்பி தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரை, ராமேஸ்வரம், திரும்பி வரும்போது தஞ்சாவூர். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: ரூம் முன்கூட்டியே புக் பண்ணணுமா, வேணாமா? ஒன்பது பேர் வேணாம்னாங்க, அஞ்சு பேர் வேணும்னாங்க. டூருக்கு வர்ற பசங்க ஒன்பது பேர், பொண்ணுங்க அஞ்சு பேர். இந்தக் கணக்கை யாரும் கவனிச்ச மாதிரி தெரியல. அதனாலதான் எழுதுறேன். (எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். எழுத்துப்பிழை இருந்தா எடிட்டர் பார்த்துக்குவார். கருத்தை மட்டும் மாத்தக் கூடாதுன்னு சொல்லித்தான் கொடுத்திருக்கேன்.)

இந்த 'புக்கிங் வேணாம்' ஐடியா எங்கிருந்து வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஹாஸ்டலே பார்த்த அந்த வீடியோ. ஒரு ஜோடி யூரோப் முழுக்க கேரவன்ல ரெண்டு மாசம் சுத்துறாங்க. எங்கயும் புக்கிங் கிடையாது. தோணின இடத்துல வண்டியை நிறுத்தித் தூங்குறாங்க. கேரவன்னா நமக்கு ஷூட்டிங்ல ஹீரோ உட்கார்ந்திருக்கிற ஏசி வண்டி. அங்க அது காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன வீடு. எஞ்சினோட ஒரே வண்டியா இருந்தா அதுக்கு மோட்டார்ஹோம்னு பேரு.

எனக்கும் அந்த வீடியோ பிடிச்சிருந்தது. அதனால கொஞ்சம் தேடிப் படிச்சேன். பிரான்ஸ்ல பல ஊர்கள்ல நகராட்சியே மோட்டார்ஹோம் ராத்திரி நிக்கறதுக்குன்னு இடம் ஒதுக்கி வச்சிருக்கு, 'ஏர்'னு சொல்றாங்க. தண்ணி பிடிச்சுக்கலாம், கழிவுநீரைக் கொட்டிக்கலாம். ஜெர்மனியில அதுக்கு 'ஷ்டெல்பிளாட்ஸ்'னு பேரு. பெரும்பாலும் முதல்ல வர்றவங்களுக்கு முதல் இடம். ஆனா இழுத்துட்டுப் போற கேரவனைப் பல ஏர்கள்ல உள்ள விடறதில்ல, அவங்க முறையான கேம்ப்சைட்டுக்குத்தான் போகணும். மே மாசமோ செப்டம்பரோ போனா கேம்ப்சைட்டுலயும் நேரா போய்க் கேட்டு இடம் வாங்கிடலாம். ஜூலை, ஆகஸ்ட் ஸ்கூல் லீவுல கடற்கரைப் பக்கம் சாயங்காலம் போய் நின்னா இடம் கிடைக்கறது கஷ்டம். காரும் கேரவனும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் வரும். அதை ஒரு சந்துல ரிவர்ஸ் எடுக்கறதை எந்த வீடியோவுலயும் காட்டறதில்ல.

ஆக, அந்த ஜோடிக்கு தைரியம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அவங்க போறதுக்கு முன்னாடியே யாரோ இடம் ஒதுக்கி, குழாய் போட்டு, போர்டு வச்சிருக்காங்க. அதை நம்பித்தான் புக்கிங் இல்லாம போறாங்க.

இன்னொண்ணு. நாளைக்கு நாம வேலைக்குச் சேர்ந்து, காசு சேர்த்து யூரோப் போறோம்னு வைங்க. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேணும். அப்ளிகேஷனோட எங்க தங்கப்போறோம்னு ஆதாரம் கேப்பாங்க, குறைஞ்சது 30,000 யூரோவுக்கு டிராவல் இன்சூரன்ஸ் கேப்பாங்க. 'தோணின இடத்துல நிறுத்துவோம்'னு அந்த ஃபார்ம்ல எழுத முடியாது. எங்க தூங்கப்போறன்னு சிலரைக் கேக்கவே மாட்டாங்க, சிலரைக் கிளம்பறதுக்கு முன்னாடியே கேப்பாங்க. பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்காதீங்க.

தேர்ட் இயர்ல ஒரு சிம்போசியத்துக்குப் போனோம். எந்த ஊர்னு சொல்லல. திரும்பி வரும்போது பஸ் பிரேக்டவுன், கடைசி கனெக்‌ஷன் பஸ்ஸும் போயிடுச்சு. ராத்திரி பதினொன்றரை. நாங்க மூணு பொண்ணுங்க, கூட நாலு பசங்க. சரி, ரெண்டு ரூம் எடுத்துக்கலாம்னு போனோம். முதல் லாட்ஜ்ல எங்களை மேலயும் கீழயும் பார்த்துட்டு 'ஃபேமிலிக்கு மட்டும்தான்' என்றார்கள். ரெண்டாவது லாட்ஜ்ல நாங்க மூணு பேர் மட்டும் உள்ள போனோம். ஆதாரை வாங்கிப் பார்த்துட்டு 'பக்கத்து டிஸ்ட்ரிக்ட்தானே, வீட்டுக்குப் போக வேண்டியதுதானேம்மா' என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார். மூணாவது இடத்துல ரூம் இருந்தது, ஆனா ரிசப்ஷன்ல இருந்தவர் கேட்ட கேள்விகளுக்கு அப்புறம் நாங்களே வேணாம்னு வந்துட்டோம்.

பஸ் ஸ்டாண்டுல காலை நாலரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். பசங்க நியூஸ்பேப்பர் விரிச்சுத் தூங்கிட்டாங்க. நாங்க மூணு பேரும் தூங்கல, பாத்ரூமுக்குக்கூட ஒருத்தி தனியா போகல. அம்மா ரெண்டு மணிக்கு ஃபோன் பண்ணப்போ பிரியா வீட்டுல படுத்திருக்கேன்னு பொய் சொன்னேன். பிரியா என் பக்கத்துல பெஞ்சுல உட்கார்ந்திருந்தா.

அந்த ராத்திரியை இன்னைக்கும் கேன்டீன்ல அந்த நாலு பேரும் செம அனுபவம்னு சொல்லிச் சிரிக்கறாங்க. அவங்க மேல கோபம் இல்ல. அவங்களுக்கு அது நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு. ஒரே பஸ் ஸ்டாண்டு, ஒரே அஞ்சு மணி நேரம். இந்தப் போல்ல 'வேணாம்'னு போட்ட ஒன்பது பேர்ல அந்த நாலு பேரும் இருக்காங்க. அதுதான் கொஞ்சம் வலிக்குது.

சரி, அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. எங்க அப்பா எல்லாத்தையும் புக் பண்ணிட்டுத்தான் வீட்டுல இருந்து கால் எடுத்து வைப்பார். ரயில் டிக்கெட் 120 நாள் முன்னாடி எடுக்கற காலத்துல கேலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருந்தவர். 2024 நவம்பர்ல அதை 60 நாளா குறைச்சப்போ வீட்டுல ஏதோ துக்கம் மாதிரி இருந்தார். அப்படி ஒரு தடவை பிச்சாவரம் கூட்டிட்டுப் போனார், கடலூர்ல இருந்து. படகுல சுரபுன்னைக் காட்டுக்குள்ள போறோம், மேல கிளைங்க ஒண்ணோட ஒண்ணு கோத்து குகை மாதிரி ஆயிடுச்சு, தண்ணி அசையாம இருக்கு. துடுப்பு போடறவர் 'இன்னும் கொஞ்சம் உள்ள போலாமா சார்?'னு கேட்டார். அப்பா வாட்சைப் பார்த்து 'வேணாம், சிதம்பரத்துல செக்-இன் ஒரு மணிக்கு' என்றார். அந்தப் படகு திரும்பினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. எங்க வீட்டுல இருந்து சிதம்பரம் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்ல, அதுக்கு எதுக்கு ரூம்னு அம்மா இப்பவும் கேப்பாங்க.

புக் பண்ணினாலும் எல்லாம் கையில இருக்குன்னு அர்த்தமும் இல்ல. 2024 டிசம்பர் முதல் வாரம் நம்ம சீனியர்ஸ் டூர். ரூமுக்கு அட்வான்ஸ் கட்டியாச்சு. ஃபெஞ்சல் புயல் வந்து, தென்பெண்ணையில வெள்ளம் வந்து, கடலூரே தண்ணியில நின்னுச்சு. அட்வான்ஸ் திரும்பி வரவேயில்ல.

இதையெல்லாம் விட 'புக்கிங் வேணாம்' கட்சிக்குப் பெரிய சாட்சி எங்க ஆயா. குறிஞ்சிப்பாடி பக்கம் கிராமம். மார்கழியில ஆருத்ரா தரிசனத்துக்கு வருஷம் தவறாம சிதம்பரம் வருவாங்க. பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க, தூக்குவாளியில புளிசோறு, ஒரு போர்வை, அவ்வளவுதான். தேர் பார்த்துட்டு ராத்திரி தங்கி, விடியக்காலை ஆயிரங்கால் மண்டபத்துல அபிஷேகம் பார்த்து, மதியம் தரிசனம் முடிச்சுட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறுவாங்க. லாட்ஜ்ன்னா என்னன்னே தெரியாது. இந்தக் கட்டுரைக்காக ஃபோன் பண்ணி, 'ஆயா, ராத்திரி எங்க படுப்பீங்க?'னு கேட்டேன்.

'நம்ம ஆளுங்க வீட்டுத் திண்ணைதான், வேற எங்க?'

ஃபோனை வச்சதுக்கு அப்புறம்தான் அந்த வார்த்தை உறைச்சுது. ஆயாவுக்கும் புக்கிங் இருந்திருக்கு. பதினஞ்சு பேர் கூட்டமா போனது ஒரு புக்கிங். எந்தத் தெரு, யார் வீட்டுத் திண்ணைன்னு தெரிஞ்சிருந்தது இன்னொரு புக்கிங். அது நம்பர் போட்ட ரசீது இல்ல, சாதி.

அந்தத் திண்ணை கிடைக்காதவங்க கதையும் இதே சிதம்பரத்துலதான் இருக்கு. நந்தனாரை நமக்குத் தெரியும். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்னு சொல்லிட்டே இருந்ததால பெரியபுராணத்துல அவருக்குத் திருநாளைப்போவார்னே பேரு. ஸ்கூல்ல இதை பக்தின்னு சொல்லிக் கொடுத்தாங்க. கிளம்பறதைத் தள்ளிப்போட அவருக்கு என்ன காரணம் இருந்திருக்கும்னு யாரும் கேக்கச் சொல்லல. கடைசியில தில்லைக்கு வந்தும் ஊருக்குள்ள போக முடியாம எல்லையையே இரவும் பகலும் சுத்தி வந்தார்னு கதை சொல்லுது. நம்ம ஊர்ல வழிப்போக்கருக்கு சத்திரமும் உண்டு. ஒரத்தநாட்டுல இரண்டாம் சரபோஜி கட்டின முத்தாம்பாள் சத்திரம் ராமேஸ்வரம் போற யாத்திரிகர்களுக்காகவே வந்தது. பிரெஞ்சுக்காரங்க ஏர் கட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே நம்மகிட்ட அந்த ஏற்பாடு இருந்துச்சுன்னு பெருமைப்படலாம், நானும் படறேன். ஆனா சத்திரங்கள்லயும் யார் எங்க உட்கார்ந்து சாப்பிடணும்னு பந்தி பிரிச்ச காலம் அது.

இப்ப நம்ம டூருக்கு வர்றேன். நாம போற வாரத்துலதான் தை அமாவாசை. போல் போட்டவங்க கேலண்டர் பார்த்தாங்களான்னு தெரியல. தை அமாவாசைக்கு ராமேஸ்வரம்னா, யூரோப்புக்கு ஆகஸ்ட் மாதிரி. தர்ப்பணம் கொடுக்க எங்கெங்கிருந்தோ வந்து நிப்பாங்க. தனுஷ்கோடியில நிறுத்திப் படுத்துக்கலாம்னு ஒரு மேதை மெசேஜ் போட்டிருக்கான். 1964 புயல்ல அழிஞ்ச ஊர் அது, சாயங்காலத்துக்கு மேல அங்க வண்டியை நிறுத்தி வைக்க விட மாட்டாங்க.

வண்டின்னதும் ஞாபகம் வருது. பதினாலு பேர்னு கணக்குப் போடறோமே, வண்டியை ஓட்டறது யாரு? டிரைவர் அண்ணன் எங்க தூங்குவார்? ரூம் கிடைக்கலைன்னா வண்டியிலேயே படுத்துக்கலாம்னு சொல்றவங்க, அந்த வண்டியில அவர் சீட்டை எங்க சாய்ப்பார்னு யோசிச்சாங்களா? ஜெர்மனியில ரோட்டோரமா வண்டியில தூங்கறதுக்கு ஒரு நியாயம் வச்சிருக்காங்க: ஓட்டறவருக்குக் களைப்பு தீரணும். அதுக்காக ஒரு ராத்திரி படுத்துக்கலாம், வெளியே நாற்காலி மேசை போட்டுப் பரப்பினா கூடாது. இங்க தமிழ்நாடு அரசும் 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல், லாட்ஜ்கள்ல டிரைவர்களுக்குப் படுக்க இடமும் கழிப்பறையும் வேணும்னு சொல்லியிருக்கு. ஆனா அதைக் கேட்டு வாங்கணும்னா முன்னாடியே ஃபோன் பண்ணிக் கேக்கணும். ராத்திரி பதினொரு மணிக்குப் போய் நின்னு 'அண்ணனுக்கு பெட் இருக்கா'ன்னு யாரும் கேக்க மாட்டோம். நமக்கு ரூம் கிடைச்சாலே போதும்னு ஆயிடும்.

அதனால என் யோசனை இது. மூணு ராத்திரியையும் புக் பண்ணிடுவோம், பகல் ஒண்ணையும் புக் பண்ண வேணாம். அதாவது எந்த ஊர்ல படுக்கறோம்னு மட்டும் முடிவு. நடுவுல தரங்கம்பாடிக் கோட்டையில ரெண்டு மணி நேரம் உட்காரலாம், கோடியக்கரையில ஃபிளமிங்கோ தெரிஞ்சா மத்தியான சாப்பாட்டைத் தள்ளிப்போடலாம், படகுக்காரர் இன்னும் கொஞ்சம் உள்ள போலாமான்னு கேட்டா போலாம். சாயங்காலத்துக்குள்ள செக்-இன்னு யாரும் வாட்சைக் காட்டக் கூடாது. லாட்ஜ்க்கு லேட்டா வருவோம்னு முதல்லயே சொல்லிடலாம்.

ஆப்ல புக் பண்றதோட நிறுத்தாம, ஃபோன்லயும் பேசணும். பொண்ணுங்க தனி ரூம், பசங்க தனி ரூம், எல்லாரும் ஸ்டூடண்ட்ஸ், ஆதார் கடலூர் மாவட்டம், ஓகேவா? டிரைவருக்கு இடம் இருக்கா? கேன்சல் பண்ணினா எவ்வளவு பிடிப்பீங்க? இதுக்கு இழுத்து இழுத்துப் பதில் சொல்ற இடத்தை அப்பவே விட்டுடலாம். அந்த 'ஃபேமிலிக்கு மட்டும்' பதிலை வீட்டுல உட்கார்ந்து பகல்ல ஃபோன்ல கேக்கறதும், ராத்திரி பதினொன்றரைக்கு பையைத் தோள்ல மாட்டிட்டு நேர்ல கேக்கறதும் ஒண்ணு இல்ல. ஃபோன் பண்ற வேலையை நானும் பிரியாவும் எடுத்துக்கறோம். ஒரு பையனும் கூட இருக்கட்டும். எங்க குரலுக்கு ஒரு பதில், அவன் குரலுக்கு ஒரு பதில் வருதான்னு அவனும் கேக்கட்டும்.

புது போல் குரூப்ல போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள வோட்டு போடுங்க, திங்கட்கிழமை காலையில ராமேஸ்வரத்துக்கு முதல் ஃபோன். ஆளுக்கு எவ்வளவு வரும்னு கணக்கையும் கீழ போட்டிருக்கேன். பதினஞ்சு பெட்டுக்கான காசை பதினாலு பேர் பிரிச்சிருக்கோம்.