உடம்பு குறைக்க ஆபரேஷன்: உயிரை எடுக்குமா, காக்குமா?

காரைக்கால்மேடு:

உடல் எடையைக் குறைக்க ஆபரேஷனுக்குப் போன 26 வயது புதுச்சேரி வாலிபர் பரிதாபமாக இறந்த சம்பவம் 2024 ஏப்ரலில் மாநிலத்தையே உலுக்கியது. 150 கிலோவுக்கு மேல் எடை இருந்த அவர், சென்னை பம்மலில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆபரேஷன் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நிலைமை மோசமானது. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியும் காப்பாற்ற முடியவில்லை. பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தனர். தமிழக சுகாதாரத்துறை விசாரணை நடத்தி, மே மாதம் அந்த ஆஸ்பத்திரியின் பதிவைத் தற்காலிகமாக ரத்து செய்தது.

அந்த சாவுக்குப் பிறகு, "எடை குறைக்கிற ஆபரேஷனா? ஐயையோ, வேண்டவே வேண்டாம்" என்ற பயம் புதுச்சேரி முதல் காரைக்கால் வரை பரவிக் கிடக்கிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த சாவில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுதானா?

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆபரேஷன் தேவைப்படுகிற ஆள் பயந்து ஒதுங்குவதும் ஆபத்து. தேவையில்லாத ஆள் விளம்பரத்தைப் பார்த்து ஓடுவதும் ஆபத்து.

நூற்றுக்கு 40 பேர்

இது பணக்காரங்க வியாதி என்ற காலம் மலையேறிவிட்டது. 2019 முதல் 2021 வரை மத்திய அரசு எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் பெண்கள், ஆண்கள் இரு தரப்பிலுமே நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அளவுக்கு அதிகமான எடையில் இருப்பது தெரிய வந்தது. நாடு முழுவதும் எடுத்தால் இது நூற்றுக்கு 24 பேர் அளவில்தான். காரைக்காலும் இந்த யூனியன் பிரதேசத்துக்குள்தான் வருகிறது.

இவர்கள் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையா? கிடையாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

யாருக்கு ஆபரேஷன்?

எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. உதாரணத்துக்கு 5 அடி 5 அங்குலம் உயரம் உள்ளவர் 95 கிலோ இருந்தால் பி.எம்.ஐ. 35. அதே ஆள் 109 கிலோ இருந்தால் 40.

1991ல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி பி.எம்.ஐ. 40 தாண்டியவர்களுக்கும், 35 தாண்டி சுகர், பிரஷர் போன்ற நோய் உள்ளவர்களுக்கும் மட்டுமே ஆபரேஷன். 2022ல் சர்வதேச டாக்டர் சங்கங்கள் இதைத் தளர்த்தின. 35 தாண்டினாலே ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம், ஆசிய நாட்டு மக்களுக்கு அதைவிடக் குறைந்த அளவிலேயே யோசிக்கலாம் என்றன. நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே சுகர் வந்துவிடுவதுதான் காரணம்.

கல்யாணத்துக்கு முன் 10 கிலோ குறையணும், போட்டோவில் ஒல்லியாகத் தெரியணும் என்பவர்களுக்கான வைத்தியம் இது இல்லை.

வயிற்றில் என்ன செய்கிறார்கள்?

இரண்டு முறைகள் அதிகம் நடக்கின்றன. ஒன்று, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் போல நீளமாக விட்டுவிடுவது. இதற்கு 'ஸ்லீவ்' என்று பெயர். இன்னொன்று 'பைபாஸ்'. இரைப்பையின் மேல் பக்கம் சின்னப் பை மாதிரி பிரித்து, அதை நேராகச் சிறுகுடலில் இணைப்பது. இரண்டுமே சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன்கள்தான்.

சாப்பிடுகிற அளவு குறைவது மட்டும் இதன் பலன் இல்லை. பசியைத் தூண்டுகிற ஹார்மோனும் குறைகிறது. பட்டினி கிடந்து எடை குறைத்தால் உடம்பு முரண்டு பிடிக்கும். பசியை இன்னும் கூட்டிவிட்டு இழந்த எடையைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். "எவ்வளவோ கட்டுப்பாடா இருந்தேன், மறுபடியும் ஏறிப்போச்சு" என்று புலம்புகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. உடம்பின் வேலை அது.

எதில் எவ்வளவு குறையும்?

120 கிலோ எடை உள்ள ஒருவரை வைத்துப் பார்ப்போம். எல்லாம் சராசரி கணக்குதான்.

உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி: அமெரிக்காவில் 5,145 சுகர் நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில், தீவிரப் பயிற்சியால் முதல் வருஷத்தில் நூற்றுக்கு 8.6 பங்கு எடை குறைந்தது. நம்ம ஆளுக்கு இது 10 கிலோ. 8 வருஷம் கழித்துப் பார்த்தால் நின்றது 4.7 பங்குதான். அதாவது 5, 6 கிலோ.

வாரம் ஒரு ஊசி: செமாக்ளூடைட் ஊசியில் 15 பங்கு, அதாவது 18 கிலோ. டிர்செபடைட் ஊசியின் அதிக டோசில் 21 பங்கு வரை, அதாவது 25 கிலோ. ஆனால் ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும். செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. செலவும் லேசுப்பட்டது இல்லை. 'மவுஞ்சாரோ' என்ற பெயரில் டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப டோஸ் ஒன்றின் விலை 3,500 ரூபாய். மாசம் 4 ஊசி என்றால் 14,000 ரூபாய்.

ஆபரேஷன்: 25 முதல் 30 பங்கு, அதாவது 30 முதல் 36 கிலோ. பின்னாளில் கொஞ்சம் திரும்ப ஏறுகிறவர்களும் உண்டு.

ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட 11 ஆய்வுகளை 2013ல் ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 796 பேர். ஆபரேஷன் செய்தவர்களுக்கு 26 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது.

சுகர் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிசு. 150 பேரை 5 வருஷம் கவனித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2017ல் வந்தது. மூன்று மாத சுகர் 6க்குள் வந்தவர்கள், மாத்திரை மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 5 பேர். ஸ்லீவ் செய்தவர்களில் 23 பேர். பைபாஸ் செய்தவர்களில் 29 பேர்.

ஆயுள் கூடுமா? 1987ல் ஸ்வீடனில் தொடங்கி 4,000 பேருக்கு மேல் கவனித்த ஆய்வு 2020ல் பதில் சொன்னது. ஆபரேஷன் செய்தவர்கள், செய்யாத குண்டானவர்களைவிட சராசரியாக 3 வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்கள். அப்படியும் ஊரில் உள்ள மற்ற ஜனங்களைவிட அவர்கள் ஆயுள் 5 வருஷத்துக்கு மேல் குறைவுதான். நல்ல வைத்தியம்தான், ஆனால் மந்திரம் இல்லை.

ஆபத்து எங்கே?

அமெரிக்காவில் 4,776 பேரைக் கவனித்து 2009ல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் முடிந்த 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 3 பேர். அது அனுபவம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளின் கணக்கு. வசதி இல்லாத இடத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

குண்டானவர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதே சவாலான வேலை. கழுத்து தடித்திருப்பதால் மூச்சுக் குழாய் பொருத்துவது கஷ்டம். ஆக்சிஜன் சீக்கிரம் இறங்கிவிடும். அந்த நேரத்தில் அனுபவமுள்ள மயக்க டாக்டரும், பக்கத்திலேயே ஐ.சி.யு.வும் இருந்தே ஆகணும். தைத்த இடத்தில் கசிவு, நுரையீரலில் ரத்தக்கட்டி என்று பின்னால் வருகிற ஆபத்துகளும் உண்டு. 2013 கணக்கில் நூற்றுக்கு 8 பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கிற வகை ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு ரத்தசோகை வந்தது.

இரும்பு, பி-12 போன்ற சத்து மாத்திரைகளை ஆயுசுக்கும் விடக்கூடாது. தினமும் 60 கிராமாவது புரதம் வேண்டும். காரைக்கால்மேடு ஜனங்களுக்கு இதில் கஷ்டம் இல்லை. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. மத்தியோ, கானாங்கெளுத்தியோ, எண்ணெயில் பொரிக்காமல் குழம்பு வைத்தால் போதும். பெண்கள் ஒன்று, ஒன்றரை வருஷத்துக்குக் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

இன்னொரு விஷயம், மது. பைபாஸ் செய்தவர்களுக்கு ஒரு பெக் போட்டாலே போதை வேகமாகவும் அதிகமாகவும் ஏறும். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாவது வருஷத்தில் குடிக்கு அடிமையாகிறவர்கள் அதிகரிப்பதாக 2012ல் ஓர் ஆய்வு எச்சரித்தது. சரக்கு மலிவாகக் கிடைக்கிற காரைக்காலில் இதை டாக்டரிடம் மறைக்காமல் பேசியே ஆகணும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

1. இந்த டாக்டர் இதுவரை எத்தனை பேருக்கு இதே ஆபரேஷன் செய்திருக்கிறார்? எந்த ஆஸ்பத்திரியில்?

2. ஆபரேஷன் நடக்கிற அதே கட்டடத்தில் ஐ.சி.யு., வென்டிலேட்டர், ரத்த வசதி இருக்கிறதா?

3. இதயம், நுரையீரல், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்ற பரிசோதனை எல்லாம் முடிந்ததா? மயக்க டாக்டர் நேரில் பார்த்தாரா?

4. சொல்கிற தொகையில் எது எது அடக்கம்? மறு ஆபரேஷன் வந்தால் யார் செலவு?

5. இன்சூரன்ஸ் தருமா? 2019ல் வந்த ஒழுங்குமுறை ஆணைய விதிப்படி, 18 வயது நிரம்பி, பி.எம்.ஐ. 40 இருந்தால் அல்லது 35உடன் கடுமையான நோய் இருந்து மற்ற வைத்தியம் பலிக்காமல் போனால், டாக்டர் பரிந்துரையோடு கிளெய்ம் கேட்க வழி உண்டு. பாலிசியை எடுத்துப் படித்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு டாக்டர் சொன்னதோடு நிற்காமல் இன்னொரு கருத்தும் கேட்பது நல்லது. சுகர், பிரஷர் பரிசோதனையைக் காரைக்கால் அரசு ஆஸ்பத்திரியிலேயே முடித்துக்கொண்டு, புதுச்சேரி ஜிப்மரில் காட்டி விசாரிக்கலாம். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகும். ஆனால் நகையை அடகு வைத்துப் பல லட்சம் கட்டுவதற்கு முன் அந்த ஒரு நாளைச் செலவழிப்பதில் நஷ்டம் இல்லை.

எங்கே விலை குறைவு என்று தேடுவதைவிட, எங்கே பாதுகாப்பு அதிகம் என்று தேடுவதே புத்திசாலித்தனம்.