உள்ளங்காலும் பால்மரமும்

இந்த வாரம் முழுவதும் எனக்குக் கோபம். விளம்பரங்களோடு எனக்குள்ள பழைய வழக்கை இப்பத்தியின் நெடுநாள் வாசகர்கள் அறிவார்கள்; எனினும் டிசம்பர் மாதத்து மாரத்தான் நெருங்க நெருங்க, கார்பன் தகடு பதித்த, 300 வெள்ளிக்கு மேல் விலையுள்ள ஓட்டக் காலணிகளின் படங்கள் கண்ட இடமெல்லாம் நிறைந்து, ஓட வேண்டும் என்ற எளிய ஆசையையே செல்வந்தரின் பிரத்தியேக உரிமை போலக் காட்டுவதை நான் முன்னெப்போதும் இவ்வளவு வெறுத்ததில்லை.

எங்கள் புளோக்கில் வசிக்கும் அம்மையார் ஒருவர், சர்க்கரையின் அளவைக் கண்டு பலதுறை மருந்தகத்து மருத்துவர் எச்சரித்ததன்பேரில், ஃபேரர் பார்க் திடலைச் சுற்றி மெல்ல ஓடுவதென்று தீர்மானித்தார். சிங்கப்பூரின் விரைவோட்ட வீரர் சி. குணாளன் பயிற்சி செய்த திடல் அது; 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் கடந்து அவர் நாட்டிய தேசிய சாதனை 33 ஆண்டுகள் நிலைத்திருந்தது. காலணி வாங்கச் சென்ற கடையில் அம்மையாரை ஓடுபொறியில் ஏற்றி, காலைப் படம் பிடித்து, பாதம் உட்புறமாகச் சாய்கிறதென்றும், அதைத் திருத்தும் விசேஷக் காலணி இல்லாமல் ஓடினால் முழங்கால் கெட்டுவிடுமென்றும் அச்சுறுத்தி, 280 வெள்ளி விலை சொல்லியிருக்கிறார்கள். "ஓட்டமெல்லாம் நமக்கு ஒத்து வராதுங்க ஐயா, அது வசதி உள்ளவங்க காரியம்" என்று மின்தூக்கி வாசலில் அவர் சொல்லிவிட்டுப் போனார்.

அவரை அச்சுறுத்திய அந்தச் சாஸ்திரத்துக்கு ஆதாரம் மிகச் சொற்பம். பாதத்தின் வடிவத்தைப் பரிசோதித்து அதற்கேற்ற ரகக் காலணியைக் கொடுத்தால் காயங்கள் குறையுமா என்று அமெரிக்கத் தரைப்படையிலும் விமானப்படையிலும் மரைன் படைப் பயிற்சி முகாம்களிலும் ஆயிரக்கணக்கான புதிய வீரர்களிடம் சோதித்து, 2009, 2010 ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகளின்படி, அவ்வாறு தேர்ந்து கொடுத்ததனால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் விளையவில்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் மனித அசைவை ஆயுட்காலமெல்லாம் ஆராய்ந்த பென்னோ நிக், 2015-இல் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரையில், காலுக்கு எது சௌகரியமாக இருக்கிறதோ அதையே ஓடுபவர் தேர்ந்துகொள்வது காயத்தைத் தவிர்க்க உதவும் என்ற கருத்தை முன்வைத்தார். அணிந்த மாத்திரத்தில் சுகமாக இருக்கிறதா இல்லையா என்று பாதம் சொல்லும் தீர்ப்பை, படக்கருவியின் தீர்ப்பைவிட மேலாக நான் மதிக்கிறேன்.

ஆகவே புதிதாக ஓடத் தொடங்குபவர், பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது போடப்போகும் காலுறையோடு கடைக்குச் செல்லட்டும். நின்ற நிலையில் நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது. போகப்போக இளகிவிடும் என்ற விற்பனையாளரின் வாக்குறுதியை ஏற்க வேண்டாம். நம் ஊரின் புழுக்கத்துக்கும் மழைக்கும் காற்றோட்டமான வலைத்துணி மேற்பகுதியே உகந்தது. புதிய வடிவம் வந்ததும் பழையது விலை இறங்குமாகையால், குவீன்ஸ்வே கடைத்தொகுதியிலோ தேக்கா வட்டாரத்துக் கடைகளிலோ பொறுமையாகத் தேடினால் 100 வெள்ளிக்குள் ஒரு நல்ல ஜோடி கிடைக்கும்.

அகலத்தைப் பற்றி மட்டும் இன்னொரு விஷயம். இந்தியாவில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களின் பாதங்களை அளந்த பெல்ஜிய ஆய்வாளர்கள், அவை காலணி அணிந்து வளர்ந்த பாதங்களைவிட முன்பகுதியில் அகன்றும், நடக்கையில் உடலின் பாரத்தைச் சீராகப் பகிர்ந்தும் இருப்பதை 2009-இல் எழுதினார்கள். அகலமான ரகத்தைக் கேட்டு வாங்க நம்மவர் கூச்சப்பட வேண்டியதில்லை என்று சொல்லவே இதை எடுத்தேன். ஆனால் வெறுங்கால் என்று எழுதிய மாத்திரத்தில் என் எண்ணம் கடையை விட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டது.

ஓட்டக் காலணியின் நடுப்பகுதி இன்று பெட்ரோலியத்திலிருந்து பிறந்த நுரை. தரையைத் தொடும் அடிப்பகுதியோ பெரும்பாலும் ரப்பர். இயற்கை ரப்பரின் ஆசியச் சரித்திரத்தில் இந்தத் தீவுக்குப் பெரும் பங்குண்டு. பிரேசிலில் திரட்டிய விதைகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877-இல் சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளில் சில நம் தாவரவியல் பூங்காவிலும், 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரிலும் நடப்பட்டன. 1888-இல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, விதைகளைத் தோட்டக்காரர்களிடம் வலிந்து கொடுத்து வந்ததனால் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் எடுத்தார். சில பத்தாண்டுகளுக்குப் பின் தொழிலதிபர் டான் கா கீயின் தொழிற்சாலை இவ்வூரிலேயே ரப்பர் அடி வைத்த கித்தான் காலணிகளைச் செய்து பல நாடுகளுக்கு அனுப்பியது.

மலாயாத் தோட்டங்களில் அந்தப் பாலை வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, கங்காணியின் சொல்லை நம்பி, 1938-இல் இந்திய அரசாங்கம் அந்த ஆளெடுப்பைத் தடை செய்யும் வரை வந்துகொண்டே இருந்தவர்கள். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும் என்பதனால் இருள் பிரியுமுன்னே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையுமாகச் சென்று பட்டையைச் சீவி, மங்கு என்ற கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் சுமந்து வந்த அவர்களில் எத்தனையோ பேருக்குக் காலில் ஒன்றும் இல்லை. அட்டை கடித்தது கண்ணுக்குத் தெரியும், கொக்கிப்புழு தெரியாது. ஈரமண்ணில் காத்திருந்து, வெறும் உள்ளங்காலின் தோலைத் துளைத்து உடலில் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் அந்தப் புழு, மலாயாத் தோட்டங்களில் சோகை நோயைப் பரப்பி, ஆண்களையும் பெண்களையும் வேலைக்கு ஆகாதவர்களாக்கியது. அதைத் தடுக்க ஒரு சாதாரண ரப்பர் அடிக் காலணி பெருமளவு போதுமானதாயிருந்திருக்கும். உலகத்தின் காலுக்கெல்லாம் அடி தந்தவர்களுக்கு அதை வாங்கித் தருவது தோட்டக் கம்பெனிகளுக்கு ஒரு செலவாகத் தோன்றியதை என்னால் மன்னிக்க இயலவில்லை. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலை இவ்வாரம் மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறேன். தோட்டத்துத் தமிழரைப் பற்றி அறிய விரும்பும் இளையோருக்கு அதைச் சிபாரிசு செய்வதை நான் நிறுத்தப்போவதில்லை.

தோட்டத்தில் பால் வெட்டிய முதியோர் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், தமது முதல் ஜோடிக் காலணியை எந்த வயதில் போட்டார்கள், எந்தக் கடையில், யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த சில வாரங்களுக்கு இப்பத்தியில் என் எழுத்தைக் குறைத்துக்கொண்டு அவற்றையே வெளியிட விரும்புகிறேன்.