கணக்கில்லாத கணினிக் கல்வி

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டால், காவேரிப்பாக்கம் முதல் ஆம்பூர் வரையில் வீடுதோறும் ஒரே பேச்சுத்தான்: பிள்ளையைக் கணினிப் படிப்பில் எங்கே சேர்ப்பது? தோல் பதனிடும் தொட்டியருகே நின்று உழைத்த தகப்பன், தன் மகனாவது நிழலில் அமர்ந்து பிழைக்கட்டும் என்று ஆசைப்படுவதில் குற்றமென்ன? ஆசை நியாயமானதே. ஆனால், அவன் கடன் வாங்கிக் கட்டும் பணத்துக்குப் பிள்ளை பெற்று வரும் சரக்கு யாது என்பதே நமது கேள்வி.

நமது கலாசாலைகள் பலவற்றில் கணினி இயல் பயிலும் மாணவனுக்குக் கணிதம் வெறும் துணைப் பாடம். ஓரிரண்டு ஆண்டுகளில் அதற்குத் தலைமுழுகிவிடலாம். மீதிக் காலமெல்லாம் அன்றையச் சந்தையில் விலைபோகும் நிரல்மொழி ஒன்றிரண்டைப் பழகுவதிலேயே கழிகிறது. சந்தை மாறினால் கற்றதும் போயிற்று. இப்பொழுதோ நிரல் எழுதும் வேலையையே இயந்திரம் செய்யத் தொடங்கிவிட்டது. எழுதியது சரியா, எந்நிலையிலும் பிழையின்றி நிற்குமா என்று நிரூபித்துக் காட்ட வல்லவனுக்கே இனி மதிப்பு. அந்த நிரூபண சக்தி கணிதத்தினிடமிருந்து பெறவேண்டியது.

கணினி பிறந்ததே கணிதத்தின் வயிற்றில்தான். எந்த இயந்திரத்தாலும் தீர்க்கவொண்ணாத கணக்குகளும் உண்டென்று ஆலன் டூரிங் 1936-ல் நிரூபித்தபோது, இன்றையக் கணினி ஒன்றுகூட உலகில் இல்லை. பயனற்றதென்று பலர் எண்ணியிருந்த எண் சாஸ்திரம், 1977-க்குப் பின் உலக வர்த்தகத்துக்கே பூட்டும் சாவியுமாயிற்று. 2002-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும், அவருடைய இளம் மாணவர்களான நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும், ஓர் எண் பகா எண்தானா என்பதை விரைவாகவும் ஐயமறவும் தீர்மானிக்கும் வழியைக் கண்டு உலகத்தை வியக்கவைத்தனர்.

தமிழ்நாட்டில் இதற்கு வழியில்லாமலில்லை. நமக்கு அண்மையிலுள்ள காஞ்சியில் 1932-ல் பிறந்த பேராசிரியர் சி.எஸ். சேஷாத்திரி 1989-ல் தொடங்கிய ஸ்தாபனமே இன்று சிறுசேரியில் விளங்கும் சென்னைக் கணிதக் கழகம். கணிதத்தையும் கணினி இயலையும் இணைத்து, ஆராய்ச்சி செய்வோரே பாடமும் சொல்லும் இளநிலை ஹானர்ஸ் வகுப்பை 1998-ல் அது ஆரம்பித்தது. ஆயினும், சென்னையில் பயின்ற அம்மாணவர்களுக்குப் பட்டம் வழங்கியது மத்தியப் பிரதேசத்துப் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்! 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்த பின்னரே கழகம் தானே பட்டமளிக்கலாயிற்று. நம் வீட்டு விளக்குக்கு அயலூரிலிருந்து எண்ணெய் வந்த இக்கதையை நாம் மறத்தலாகாது.

‘கணிதம் சோறு போடுமா?’ என்று கேட்போருக்கு நமது ஏரியையே விடையாகக் காட்டுவோம். பாலாற்று அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய் காவேரிப்பாக்கத்து ஏரியை நிரப்புகிறது. ஏரியில் நீர் நின்றால் வேண்டிய மதகைத் திறந்து எந்த வயலுக்கும் பாய்ச்சலாம். ஏரி வறண்டபின் மதகுக்கு வர்ணம் பூசி என்ன பயன்? கணிதம் ஏரி, நிரல்மொழிகள் மதகுகள். கணிதம் கற்றவன் புதிய மொழியைச் சில வாரங்களில் பழகிக்கொள்வான். மொழி மட்டும் கற்றவன் கணிதத்தைப் பின்னால் தேடிப் பிடிப்பது எளிதன்று.

ஒரு சிறுசேரி போதாது. ஜில்லாதோறும் ஓர் அரசாங்கக் கலாசாலையிலாவது இத்தகைய ஹானர்ஸ் வகுப்பு ஏற்படவேண்டும். பள்ளிக்கூடங்களில் விடையை மனப்பாடம் செய்விப்பதை விடுத்து, ‘ஏன்?’ என்று கேட்கப் பழக்கவேண்டும். இத்துறையில் நல்ல தமிழ் நூல்கள் பெருகவேண்டும். சர்க்கார் செய்யட்டுமென்று வாளாவிராமல், ஊர்ப் பிரமுகர்களும் பழைய மாணவர்களும் இன்றே முயலவேண்டும். தொழிலாளியின் மகன் பிறர் வகுத்த கணக்கை எழுதும் கையாக மட்டும் இருந்தால் போதாது. கணக்கை வகுக்கும் அறிவாகவும் அவன் ஆகவேண்டும்.