சைவ உபதேசமும் வெறும் சோறும்

"மனிதனுக்கு இயற்கையான ஆகாரம் சைவமே, மாமிசம் உடலுக்கும் கேடு, மனதுக்கும் கேடு" என்ற உபதேசம் நமது வட்டாரத்து உழைப்பாளி மக்களுக்குப் புதிதல்ல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கீழ்பென்னாத்தூரிலிருந்தும் வேட்டவலத்திலிருந்தும் அண்ணாமலைக்குப் போய் மலை சுற்றி வருகிற கூலிக்காரர்களின் காதில் இது எத்தனையோ முறை விழுந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் திருவண்ணாமலைக்கு வந்த தமிழ்நாட்டு ஆளுநர் ஆர்.என்.ரவி, கிரிவலப் பாதையில் அசைவ உணவகங்கள் இருப்பது குறித்து வேதனை தெரிவித்தார். அசைவ உணவுக்குத் தாம் எதிரி அல்ல என்றும் சேர்த்துக்கொண்டார். 14 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் ஓரத்தில் அடி அண்ணாமலை போன்ற ஊர்கள் இருக்கின்றன. அங்கே குடியிருக்கும் மக்கள் அடுப்பு மூட்டித்தானே ஆக வேண்டும் என்ற நினைவு ஆளுநருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

போகட்டும். ஆத்திரப்படாமல் கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்வோம். சைவ உணவு மனிதனுக்கு இயற்கையானதா? அது ஆரோக்கியம் தருமா? சைவம் பேசும் கனவான்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கிண்டல் செய்யும் நம் தோழர்கள் சிலர் வேறொரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். இரண்டையும் விஞ்ஞானம் ஏற்கவில்லை.

மாட்டைப் பாருங்கள். அதன் வயிறு நான்கு அறைகள் கொண்டது. தின்ற வைக்கோலை முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கின்றன. பிறகு அசை போட்டுச் சீரணிக்கிறது. அந்த ஏற்பாடு மனிதனுக்கு இல்லை. நாம் வைக்கோலைத் தின்றால் வயிற்றுவலிதான் மிஞ்சும். சரி, புலியைப் பாருங்கள். அதன் குடல் குட்டை, பல் கூர்மை, நகம் ஆயுதம். அதுவும் நமக்கு இல்லை. ஆனால் சோற்று மாவைக் கரைக்கும் உமிழ்நீர் நம் வாயிலேயே ஊறுகிறது. இறைச்சியைக் கரைக்கும் அமிலம் நம் வயிற்றில் சுரக்கிறது. பல்லும் நகமும் செய்ய வேண்டிய வேலையைக் கத்தியும் நெருப்பும் செய்தன. கிழங்கு, தானியம், மீன், முட்டை, இறைச்சி என்று கிடைத்ததை உண்டு பிழைத்த ஜீவராசி மனிதன். குரங்கிலிருந்து மனிதன் உருவானதில் உழைப்பின் பங்கைப் பற்றி 1876இல் எழுதிய ஏங்கெல்ஸ், மாமிச ஆகாரமும் நெருப்பும் அதில் ஆற்றிய பங்கை எடுத்துக்காட்டினார். சைவர்கள் மன்னிக்க வேண்டும் என்ற தோரணையில் ஒரு குறும்பும் செய்தார். அது மனிதன் வந்த பாதையைச் சொல்கிறது. இன்று ஒவ்வொருவரும் கறி தின்றே தீர வேண்டும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஏனெனில் சைவ உணவிலேயே தலைமுறை தலைமுறையாகத் திடமாக வாழ்ந்தவர்கள் வேறெங்கோ இல்லை, நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். போளூர், ஆரணிப் பக்கத்திலும் செஞ்சிப் பக்கத்திலும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் உண்டு. ஏர் பிடித்த விவசாயிகள். பொழுது சாய்ந்தால் சாப்பிடக்கூடாது என்ற விரதத்தையும் காத்தவர்கள். அவர்கள் பலவீனர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பருப்பும் பயறும், எள்ளும் மல்லாட்டையும், பாலும் தயிரும் நெய்யும் அவர்கள் கலத்தில் இருந்தன. அரிசியில் குறைவாக உள்ள புரதக்கூறு பருப்பில் நிறைய இருக்கிறது; பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. இட்லிக்கு உளுந்து சேர்ந்ததும் பொங்கலில் பயற்றம்பருப்பு சேர்ந்ததும் நம் பாட்டிமார்களின் விஞ்ஞானம். பி12 என்ற வைட்டமின் ஒன்றுதான் தகராறு. 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட அது செடி கொடிகளில் இல்லை. இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் உண்டு. மாட்டுக்கு அதன் வயிற்று நுண்ணுயிர்களே தயாரித்துக் கொடுத்துவிடுகின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. பாலையும் விட்டவர்கள் அதை மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். இதைக் கவனித்துக்கொண்டால் சைவ உணவு நல்ல உணவு. இதைச் சொல்வதில் நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஆனால் அந்த நல்ல சைவ உணவின் விலை என்ன? சண்டை இங்கேதான் ஆரம்பமாகிறது.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவரின் தட்டில் 85 கிராம் பருப்போ முட்டையோ இறைச்சியோ, 300 மில்லி பால், 400 கிராம் காய்கறி, 35 கிராம் கொட்டைப் பருப்புகள், 100 கிராம் பழம் இருக்க வேண்டும் என்கிறது. நாளெல்லாம் களை வெட்டுகிறவருக்கும் ஆலையில் மூட்டை சுமக்கிறவருக்கும் 2000 கலோரி போதாது என்பது தனி விஷயம். ரேஷன் கடையைப் பாருங்கள். ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. நான்கு பேர் உள்ள வீட்டில், முப்பது நாளுக்கு, ஆளுக்குத் தினம் எட்டு கிராம் சொச்சம். 85 எங்கே, எட்டு எங்கே? அரிசி கிடைக்கிறது, அதுவும் 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது, போராடிப் பெற்ற நன்மை அது, அதைக் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் சோறு வயிற்றை நிரப்பும். உடம்பைக் கட்ட அதனோடு வேறு வேண்டும்.

சைவ உபதேசிகள் கவனிக்காத ஒரு வேடிக்கை உண்டு. 2014ஆம் ஆண்டு மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். அப்படியானால் இங்கே ரத்தம் ஊறிக் கிடக்க வேண்டுமே! 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். ரத்த சோகைக்குக் குடற்புழுவும் வேறு நோய்களும் கூடக் காரணங்கள் என்பது உண்மை. ஆனால் முதல் காரணம் கலத்தில்தான் இருக்கிறது. கூலி வந்த ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கறி வாங்கி, குழம்பைப் பெருக்கி, ஐந்து பேர் பங்கிட்டுக்கொள்கிற குடும்பமும் கணக்கெடுப்பில் அசைவம்தான். திங்கள் முதல் சனி வரை அந்த வீட்டில் கொதிப்பது புளிக்குழம்பும் ரசமும். அதிலும் அம்மாவின் பங்குக்கு வருவது மண்டிதான். புத்தகத்தில் அசைவர், கலத்தில் சைவர். ஏற்கனவே ஆறு நாள் கட்டாயச் சைவத்தில் கிடக்கும் மக்களிடம் வந்து சைவத்தின் பெருமையைப் பேசுகிறார்களே, இது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் நினைவூட்டுகிறோம். கூலி ஏழையின் வீட்டுக்கு ஒரு காலத்தில் காசில்லாமல் வந்த சத்து ஒன்று உண்டு. ஏரி நிரம்பினால் கெண்டையும் கெளுத்தியும் விராலும் கிடைத்தன. நடவு வயலில் நண்டும் நத்தையும் கிடைத்தன. முதல் மழைக்கு ஈசல் பறந்தால் பிடித்து வறுத்து அரிசியோடு தின்றோம். பார்ப்பவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் பால் வாங்க முடியாத குழந்தைக்குப் புரதமும் இரும்பும் கொடுத்தது அந்த நத்தைதான். இன்று வயலில் பூச்சி மருந்தின் நெடி, நண்டைக் காணோம். ஏரியின் மீன்பாசி ஏலத்துக்குப் போகிறது. கரையில் நிற்கும் சிறுவன் ஒரு கெண்டையை எடுத்தாலும் திருட்டு என்கிறார்கள். சைவமும் வாங்க முடியவில்லை. இருந்த அசைவமும் போயிற்று.

மல்லாட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிராமில் சுமார் 25 கிராம் புரதம். எடைக்கு எடை கறிக்குக் குறைந்ததல்ல. அது விளைவது நம் மண்ணில். பிடுங்குவதும் ஆய்வதும் நம் பெண்கள். பிறகு மூட்டை எண்ணெய் ஆலைக்குப் போகிறது, புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. பிடுங்கியவள் மடியில் கட்டி வந்த ஒரு கைப்பிடிதான் வீட்டுக்கு. பாலும் அதே கதி. விடிகாலையில் கறந்த பால் சொசைட்டிக்குப் போய்விடுகிறது, கறந்தவள் குடிப்பது வரட் டீ.

அரிசி ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1920களில் குன்னூரில் மக்காரிசன் என்ற டாக்டர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். பஞ்சாப் சீக்கியர்களின் உணவு தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து ஏழையின் உணவு தின்றவை நோஞ்சான்களாயின. கறிதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சீக்கிய உணவில் இறைச்சி வாரம் ஒரு முறைதான். பாலும் வெண்ணெயும் முழுக்கோதுமையும் பருப்பும் காய்கறியும் தினந்தோறும். நம்முடைய உணவில் இருந்தது தீட்டிய அரிசி. தவிட்டோடு சத்து போகிறது என்பதைத் தவிடு தனியே விழுவதைத் தினமும் பார்க்கும் உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நெல்லைப் புழுக்கி அரைத்தால் பி1 வைட்டமின் ஓரளவு அரிசிக்குள்ளேயே நிற்கும். பச்சரிசி மேல் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இனி முட்டை. நம் பிள்ளைகளின் விஷயமல்லவா, இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவோம். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989இல் கலைஞர் ஆட்சி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது. அது படிப்படியாக வளர்ந்து 2010இல் வாரம் ஐந்து முட்டை ஆயிற்று. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம், அதுவும் உடம்பு முழுமையாக ஏற்கும் புரதம், பி12 உண்டு. முட்டை வேண்டாத குழந்தைக்கு வாழைப்பழம். யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மத்தியப் பிரதேசத்தில் என்ன நடந்தது? 2015இல் அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்கலாம் என்ற யோசனை வந்தபோது அன்றைய முதலமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் மறுத்துவிட்டார். பாலும் பழமும் உண்டு, முட்டை கிடையாது என்றார். 2015-16 கணக்கெடுப்பில் அந்த மாநிலத்துச் சிறு குழந்தைகளில் 42 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். கர்நாடகத்திலும் 2021இல் சில மாவட்டப் பள்ளிகளில் முட்டை கொடுத்தபோது மடாதிபதிகள் சிலர் கிளம்பினார்கள். வேண்டாதவன் தன் தட்டிலிருந்து முட்டையை ஒதுக்கினால் அது விரதம். அடுத்தவன் குழந்தையின் தட்டிலிருந்து எடுத்தால் அதற்கு என்ன பெயர் சொல்வது?

இது நம் பண்பாட்டுக்கு விரோதம் என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். எந்தப் பண்பாடு? நம் செங்கத்திலிருந்து ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மலைவாசிகள் தினைச்சோற்றோடு இறைச்சியும் கொடுத்து விருந்தோம்பியதைச் சொல்கிறது. சிவனுக்கே இறைச்சி படைத்த கண்ணப்பர் அறுபத்துமூவரில் ஒருவராக நிற்கிறார். திருக்குறளில் புலால் மறுத்தலுக்கு ஒரு அதிகாரமே உண்டு. அதையும் மறைக்க மாட்டோம். கொல்லாமையை உயிராகக் கருதிய வள்ளலார் என்ன செய்தார்? 1867இல் வடலூரில் தருமச்சாலை திறந்து அடுப்பை மூட்டினார். புலால் உண்பவரைத் தம் கூட்டத்தில் சேர்க்காத அவரே, அவர்களுடைய பசியையும் தீர்க்கத்தான் வேண்டும் என்றார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. பட்டணங்களில் "சைவர்களுக்கு மட்டும் வீடு வாடகைக்கு" என்று பலகை தொங்கவிட்டு, அதன் மறைவில் சாதியையும் மதத்தையும் கேட்கிற கூட்டத்துக்கும் வள்ளலாருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

புரட்டாசியில் கவிச்சி தொடாதவர்கள், கார்த்திகைக்கு மாலை போடுகிறவர்கள் நம் சங்கங்களிலேயே நிறைய இருக்கிறார்கள். வருஷம் முழுக்கச் சைவமாக இருக்கும் தோழர்களும் உண்டு. அவர்களுக்கும் நாம் கேட்பது ஒன்றையேதான். ரேஷனில் பருப்பு கார்டுக்கு ஒரு கிலோ என்பதை ஆளுக்கு ஒரு கிலோ ஆக்க வேண்டும். நம் சவ்வாது மலையில் விளையும் சாமையும், கேழ்வரகும் கடைக்கு வர வேண்டும். பள்ளி திறந்திருக்கும் நாளில் மட்டும் கிடைக்கும் முட்டை கோடை விடுமுறையிலும் கிடைக்க வேண்டும். பசி லீவு எடுப்பதில்லை. ஏரி மீன்பாசியை ஏலம் விடும்போது அந்தந்த ஊர் நிலமற்ற குடும்பங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். வேலைத்தலத்தில் பெண்களுக்கு முருங்கைக் கீரையோடும் எலுமிச்சம்பழத்தோடும் சாப்பிட நேரம் வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சேராது என்பதையும் சொல்லி வையுங்கள்.

மே 1 அன்று கிராம சபை கூடும். இந்தக் கோரிக்கைகளை முன்னதாகவே எழுதி எடுத்துப் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் பதிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.