பழைய விரைபடகு இயந்திரங்களை இனங்காணல்

துறைமுக நகரங்களிற் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் இயந்திரத் தொழில் பயின்ற இளைஞர் பலர் உளர். அவர்களை எண்ணியே இத்திங்கள் பழைய விரைபடகு இயந்திரங்களை எடுத்துக்கொள்கிறோம். பழைய இரும்புக் கடையில் துருவேறிக் கிடக்கும் ஓர் இயந்திரம் எடைக்கு விலைபோய் உருகுமா, மீண்டும் நீரிற் பாயுமா என்பது, பெரும்பாலும் அதைக் காண்பவர் அதன் பெயரை அறிவாரா என்பதைப் பொறுத்தது.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் புகழ்பெற்ற பந்தயப் படகுகள் பலவற்றை ஓட்டியவை படகுக்கென்றே பிறந்த இயந்திரங்கள் அல்ல. வானூர்திக்கெனப் பிறந்து பின்னர் நீருக்கு வந்தவை. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, பக்கார்டு கம்பெனியின் ஜெஸ்ஸி வின்சென்டும் ஹால்-ஸ்காட் கம்பெனியின் எல்பர்ட் ஹாலும் வாஷிங்டனில் ஓர் ஓட்டல் அறையில் அமர்ந்து சில நாட்களிலேயே வரைந்து முடித்தது 'லிபர்ட்டி' இயந்திரம். 12 சிலிண்டர், ஏறத்தாழ 400 குதிரைத்திறன். இவ்வகையில் 20,000-க்கு மேல் செய்யப்பட்டன. மறு ஆண்டே போர் முடிந்தமையால் மிஞ்சியவை மலிவாக விற்பனைக்கு வந்தன. கார்ஃபீல்டு வுட் என்னும் படகுப் பந்தய வீரர் அவற்றை வாங்கிப் படகுக்கேற்ப மாற்றினார். 1920-இல் இரு லிபர்ட்டிகள் பூட்டிய அவருடைய 'மிஸ் அமெரிக்கா' இங்கிலாந்து சென்று ஹார்ம்ஸ்வர்த் கோப்பையை வென்று வந்தது. அந்நாட்டின் மதுவிலக்குக் காலத்தில் கடல்வழியே சாராயம் கடத்தியோரும் லிபர்ட்டியையே நாடினர். நல்ல இயந்திரம் நல்லவர் கையிலேயே சேரும் என்பதற்கில்லை!

இனி, இனங்காணும் முறைக்கு வருவோம். கொள்ளளவை மட்டும் கணக்கிட்டுப் பெயர் சூட்டுவோர் ஏமாறுவர். லிபர்ட்டியின் சிலிண்டர் விட்டம் 5 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 7 அங்குலம். ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லினில் விட்டம் 5.4, ஓட்டம் 6. பன்னிரண்டு சிலிண்டருக்கும் பெருக்கிப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ 1,649 கன அங்குலமே! இரண்டாம் உலகப் போரில் மெர்லினை அமெரிக்காவில் செய்ததும் பக்கார்டு கம்பெனியே என்பதால் குழப்பம் இன்னும் மிகும். ஆனால் சிலிண்டர் வரிசைகளுக்கு இடைப்பட்ட கோணத்தை அளந்தால் ஐயம் தீரும். லிபர்ட்டியில் அது 45 பாகை, மெர்லினில் 60. மேலும், லிபர்ட்டியின் சிலிண்டர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கும். மெர்லினில் ஆறாறு ஒரே வார்ப்பில் அமைந்திருக்கும்.

மற்றொரு பிழையும் பரவலாக உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் பி.டி. படகுகளில் மும்மூன்றாகப் பூட்டிய பக்கார்டு இயந்திரத்தை மெர்லின் என்றே பலர் சாதிப்பர். அது 2,490 கன அங்குலக் கொள்ளளவுடைய வேறோர் இயந்திரம். அக்கம்பெனி 1920-களில் வானூர்திக்குச் செய்ததன் வழித்தோன்றல். விட்டம் 6⅜, ஓட்டம் 6½ அங்குலம். பெயர்த்தகட்டைப் படித்துவிட்டால் போதாதோ எனலாம். தகடு இரண்டு திருகாணியில் நிற்பது. எளிதிற் கழன்று வேறோர் இயந்திரத்துக்குப் போய்விடும். வார்ப்பிலே எழுந்து நிற்கும் எண்ணோ ஒரே அச்சிற் பிறந்த உறுப்புகள் யாவற்றுக்கும் பொது. உலோகத்திற் கொத்தப்பட்ட தொடரெண்ணே அந்த ஓர் இயந்திரத்துக்கு உரியது. ஆதலால் கம்பித் தூரிகையும் அரைக்கும் சக்கரமும் எடுக்குமுன் எண்கள் யாவற்றையும் படமெடுத்துக் குறித்துக்கொள்க. அச்சு வலஞ்சுழியா இடஞ்சுழியா என்பதையும் குறிக்க வேண்டும். இரட்டை இயந்திரப் படகுகளில் ஒன்று மற்றொன்றுக்கு எதிராகச் சுழல்வது உண்டு.

வானூர்தி இயந்திரத்தைப் படகில் ஏற்றுவது பூட்டும் வேலை மட்டுமன்று. வானில் பின்னோக்கிச் செல்லும் தேவை இல்லை. படகுக்குப் பின்பல்லிணை வேண்டும். காற்றில் திறந்து கிடந்த புகைக்குழாய்க்கு நீருறை வேண்டும். உப்புநீரை நேரே உள்ளே ஓட்டினால் அலுமினியம் அரித்துப்போகும். உள்ளே நன்னீரைச் சுழலவிட்டு, அதைக் கடல்நீரால் வெளியே குளிர்விப்பதே தக்கது. இவற்றினும் பெரிது நெருப்பு. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடித்தட்டில் இறங்கித் தங்கிவிடும். சாதாரண மோட்டார் வண்டியின் ஸ்டார்ட்டரிலிருந்து ஒரு பொறி தெறித்தாற் போதும். காசை மிச்சப்படுத்தக் கார் உறுப்பை மாட்டுவோரை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். கார்புரேட்டர் வாயில் தீத்தடுப்பு வலையும், ஓட்டுமுன் அடித்தட்டுக் காற்றை வெளியேற்றும் விசிறியும் இன்றியமையாதன.

விரைவுக்கும் உயிர்விலை உண்டு. வானூர்திப் பந்தயத்துக்கென ரோல்ஸ்-ராய்ஸ் செய்த 'ஆர்' வகை இயந்திரங்கள் இரண்டைப் பூட்டிய 'மிஸ் இங்கிலாந்து 2' படகில் ஹென்றி சீக்ரேவ், 1930 ஜூன் 13 அன்று விண்டர்மியர் ஏரியில் மணிக்கு 98.76 மைல் விரைவு கண்டார். அன்றே படகு கவிழ்ந்து அவரும் உடனிருந்த இயந்திர வல்லுநர் ஒருவரும் மாண்டனர். படகை மேலெடுத்துச் செப்பனிட்டனர். 1931-இல் கே டான் அதனையே 100 மைலுக்கு மேல் ஓட்டினார். அதே வகையில் ஆர்37 என்னும் எண்ணுடையது மால்கம் காம்பெலின் காரிலும், பின்னர் அவருடைய படகிலும் பணிபுரிந்தது. தரையில் ஓடியதும் நீரில் ஓடியதும் ஒன்றே என நாம் இன்று சொல்ல முடிவது, கொத்திய அவ்வெண் அழியாமையால்தான்.

மூன்று வரிசைச் சிலிண்டர்களுடைய நேப்பியர் லயனைப் பற்றி அடுத்த திங்கள் கூறுவோம்.